ஷ்பில்மனைக் காப்பாற்றியது இசையா?

வாசகர் ஒருவரின் கூற்று, 2023 நவம்பர் 2

போலந்துப் பியானோ கலைஞர் விளாதிஸ்லாவ் ஷ்பில்மன் வார்சா வானொலியில் ஷோப்பனை வாசித்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து ஒலிபரப்பு நின்றது. ஐந்து ஆண்டுகள் கழித்து, இடிந்துபோன அதே நகரத்தில், ஒரு ஜெர்மன் அதிகாரியின் முன்னால் அதே ஷோப்பனை வாசித்து அவர் உயிர் பிழைத்தார். தொடக்கத்திலும் முடிவிலும் பியானோ இருக்கிறது. இசைதான் அந்த யூதக் கலைஞரைக் காப்பாற்றியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பியானோ கற்பிக்கும் எவரும் இதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2023 நவம்பர் 3, காலை

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பியானோ கற்பித்து வருகிறேன். இருந்தும் மறுக்கிறேன்.

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை வார்சாவை முற்றுகையிட்டதிலிருந்து 1945 ஜனவரி 17 அன்று அந்த நகரம் விடுபட்டது வரை ஐந்து ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. அந்தக் காலம் முழுவதிலும் ஷ்பில்மன் தம் உயிருக்காகப் பியானோ முன் அமர்ந்தது சில நிமிடங்கள் மட்டுமே. மற்ற நாட்களில் அவரை உயிரோடு வைத்திருந்தவை வேறு. 1942 ஆகஸ்ட் 16 அன்று ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்குச் செல்லும் ரயிலுக்கு முன்னால் யூதக் காவலர் ஒருவர் அவரைக் காலரைப் பிடித்து வரிசைக்கு வெளியே இழுத்துவிட்டார். அதற்குப் பின் ஆறு மாதங்கள், யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதியில் செங்கல் சுமந்தார். 1943 பிப்ரவரி 13 அன்று தப்பி வெளியே வந்ததும் வானொலி நண்பர்களின் வீடுகளில் ஒளிந்திருந்தார். இவற்றில் எந்த இடத்திலும் அவர் ஒரு சுரத்தைக்கூட ஒலிக்கவில்லை. ஒலித்திருந்தால் அன்றே இறந்திருப்பார். ஒளிந்திருக்கும் மனிதனுக்கு ஓசைதான் முதல் எதிரி. பியானோ இருந்த வீட்டில்கூட அவர் அதை வாசிக்க முடியாது என்ற நிலையை மறந்துவிட்டு, இசை காப்பாற்றியது என்று எளிதாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

2023 நவம்பர் 3, இரவு

ஒரு திருத்தம். காலையில் வேறு விஷயத்தில் மனம் சென்றதால் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர் வாசித்துக்கொண்டிருந்தபோதே ஒலிபரப்பு அறுந்தது என்பது அவர் கதையைச் சொல்லும் 'தி பியானிஸ்ட்' திரைப்படம் நமக்குக் கொடுத்த காட்சி. 1939 செப்டம்பர் 23 அன்று அவர் வாசித்த ஷோப்பன் கச்சேரிதான் முற்றுகையிடப்பட்ட வார்சாவிலிருந்து நேரடியாக ஒலிபரப்பான கடைசி இசை என்பது உண்மை. வெளியே குண்டுகள் வெடித்த சத்தத்தில் தம் வாசிப்பே தமக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று அவர் பின்னர் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கச்சேரியை அவர் முடித்தார். முடித்துவிட்டு வீட்டுக்கும் போனார். அன்று பிற்பகல் ராக்மனினோவின் சி மைனர் பியானோ கான்செர்ட்டோவின் இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அமைதியான அதன் இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் மின் நிலையத்தில் குண்டு விழுந்தது, வானொலி மௌனமானது.

எனக்கு உண்மை நிகழ்ச்சிதான் கூடுதலாக வலிக்கிறது. அறுந்துபோனது ஒரு மனிதர் வாசித்த இசை அல்ல. யாரும் இல்லாமல் தானாகச் சுழன்ற ஓர் இசைத்தட்டு.

2023 நவம்பர் 5

இசை காப்பாற்றும் என்ற கூற்றுக்கு எதிராக நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது வேறு. காப்பாற்றப்படாத இசைக்கலைஞர்களை எண்ணிப் பாருங்கள்.

1940 நவம்பர் 16 அன்று வார்சா கெட்டோ சுவரால் மூடப்பட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் நகரத்தின் மிகச் சிறிய ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டார்கள். உள்ளே ஒரு சிம்பொனி இசைக்குழு இயங்கியது. ஷிமோன் புல்மன், மரியன் நொய்டைக் போன்றவர்கள் அதை நடத்தினார்கள். 'ஆரிய' இசையமைப்பாளர்களின் படைப்புகளை வாசித்த குற்றத்துக்காக 1942 ஏப்ரலில் அக்குழுவுக்கு இரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. பட்டினியால் மக்கள் நடைபாதையில் செத்துக் கிடந்த இடத்தில், பீத்தோவனை வாசிக்க யாருக்கு உரிமை என்று ஓர் அலுவலகம் கவலைப்பட்டிருக்கிறது. புல்மன் அதே ஆண்டு ட்ரெப்லிங்காவில் கொல்லப்பட்டார். நொய்டைக் 1943இல் ட்ராவ்னிக்கி முகாமில் கொல்லப்பட்டார். கெட்டோவின் குயில் என்று மக்கள் கொண்டாடிய மரிஷா ஐசன்ஷ்டாட் என்ற இளம் பாடகி, 1942இல் ரயிலேற்றும் இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். போருக்கு முன்னால் வார்சா முழுவதும் ஆடிய டாங்கோக்களை எழுதிய ஆர்ட்டுர் கோல்ட், ட்ரெப்லிங்காவில் கொலையாளிகளுக்காக இசைக்குழு நடத்தும்படி வைக்கப்பட்டார். 1943இல் அவரும் கொல்லப்பட்டார்.

இவர்களுடைய இசை ஷ்பில்மனுடைய இசையைவிடக் குறைந்ததா? இசை காப்பாற்றியது என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, மற்றவர்களை அது ஏன் கைவிட்டது என்ற கேள்விக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில் கோபமே வருகிறது. எழுத்து கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பர் 6

ஷ்பில்மன் கெட்டோவுக்குள் எப்படிப் பிழைத்தார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேநீர் விடுதிகளில் வாசித்துத்தான். முதலில் நொவொலிப்கி தெருவில் இருந்த ஒரு விடுதியில் வாசித்தார். அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் கடத்தல் வியாபாரத்தில் பணம் பார்த்தவர்கள். மேசையில் நாணயங்களைத் தட்டி அவற்றின் ஓசையை வைத்து உண்மையா போலியா என்று சோதித்துக்கொண்டிருந்த இருவர், தங்களுக்குக் கேட்கவில்லை என்பதால் வாசிப்பைச் சற்று நிறுத்தச் சொன்ன நிகழ்ச்சியை அவர் எழுதியிருக்கிறார். பின்னர் லெஷ்னோ தெருவில் இருந்த 'ஷ்டூக்கா' விடுதியில், கோல்ட்ஃபெடர் என்ற மற்றொரு பியானோ கலைஞருடன் இணைந்து வாசித்தார். பெற்றோர், தம்பி ஹென்ரிக், சகோதரிகள் ரெஜினா, ஹலினா ஆகியோர் அடங்கிய வீட்டுக்கு அந்த வருமானம்தான் பெருந்துணை.

ஆக இந்த இடத்தில் இசை சோறு போட்டது. இதை நான் மறுக்கவில்லை.

2023 நவம்பர் 9

இன்று நேரம் கிடைத்ததால் விரிவாக எழுதுகிறேன். நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

தப்பி வந்த 1943 பிப்ரவரி 13ஆம் தேதி மாலை அவரை அழைத்துச் செல்லக் காத்திருந்தவர் ஆந்த்ரேய் போகுட்ஸ்கி. அவர் நடிகரும் பாடகரும் ஆவார். அவருடைய மனைவி யானினா கொட்லெவ்ஸ்காவும் பாடகி. இருவரும் போருக்கு முந்தைய கலை உலகத்து நண்பர்கள். அடுத்து அவருக்கு இடம் கொடுத்த செஸ்லாவ் லெவிட்ஸ்கி இசைக்குழு நடத்துநர். உதவிய பட்டியலில் மேலும் இருப்பவர்களைப் பாருங்கள்: எட்மண்ட் ருட்னிட்ஸ்கி வானொலியின் இசைப் பிரிவை நடத்தியவர், யூஜெனியா உமின்ஸ்கா வயலின் கலைஞர், பியோத்ர் பெர்க்கொவ்ஸ்கி இசையமைப்பாளர், விட்டோல்ட் லுட்டொஸ்லாவ்ஸ்கி பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர். பெரும்பாலும் ஒரே நிலையத்தில், ஒரே மேடைகளில், ஒருவருக்கொருவர் தாளம் பார்த்து வேலை செய்தவர்கள். ஷ்பில்மன் 1935 ஏப்ரல் 1 முதல் அந்த வானொலியின் பியானோ கலைஞர். ஒத்திகைக்கு நேரத்துக்கு வந்தாரா, உடன் வாசிப்பவருக்கு இடம் விட்டாரா, கச்சேரி முடிந்ததும் தேநீர் குடிக்க எல்லோரோடும் சேர்ந்து போனாரா என்பவை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கம்தான் எட்டு ஆண்டுகள் கழித்துக் கதவைத் திறந்தது.

அந்தக் கதவைத் திறப்பதன் விலையையும் சொல்ல வேண்டும். 1941 அக்டோபர் 15ஆம் தேதி ஆணைப்படி கெட்டோவை விட்டு வெளியேறும் யூதருக்கும், தெரிந்தே அவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை. போலந்து மக்களும் அப்போது ஆக்கிரமிப்பின் கீழ் வேட்டையாடப்பட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். ஷோப்பனின் இசையைப் பொது இடத்தில் வாசிக்கவே தடை இருந்ததால், திரை இழுத்து மூடிய வீட்டுக் கூடங்களில் கச்சேரி நடந்தது. லுட்டொஸ்லாவ்ஸ்கி பிழைப்புக்காகத் தேநீர் விடுதிகளில் இரட்டைப் பியானோ வாசித்தார். அதற்காக அவர் எழுதிச் சேர்த்தவற்றில் பகனினி மாறுபாடுகள் மட்டும் தப்பின, மற்றவை ஜெர்மானியருக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியில் நகரத்தோடு எரிந்தன. இப்படித் தாங்களே நாளை உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள், ஒரு மனிதருக்கு ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. அவரைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்ட ஒருவர், அவர் பெயரைச் சொல்லி நகரத்தில் பலரிடமும் பணம் திரட்டிக்கொண்டு, பூட்டிய வீட்டுக்குள் அவரைப் பட்டினி கிடக்க விட்டுவிட்டார். அதில் உடல் வீங்கி, நோயில் விழுந்து, சாகும் நிலைக்குப் போனார். கெட்ட செய்திதான், ஆனால் இதில் எனக்கு ஒரு விஷயம் தெரிகிறது. ஷ்பில்மனுக்கு என்று கேட்டதும் பலர் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றியவர் ஒருவர், கொடுத்தவர்கள் பலர்.

ஆகவே என் வாதத்தைச் சுருக்காமல் சொல்கிறேன். அவரைக் காப்பாற்றியது பியானோ அல்ல. பியானோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர்கள்.

2023 நவம்பர் 10

மூடிய பியானோவின் மீது விரல்கள் காற்றில் வாசிக்கும் அந்தத் திரைக்காட்சியை நான் மறந்துவிட்டேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மறக்கவில்லை. அதைப் பற்றி எழுதினால் என்னுடைய கதையையும் எழுத வேண்டியிருக்கும் என்பதால் தள்ளிப் போட்டேன்.

2023 நவம்பர் 12

2016இல் எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஈரமான படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று இரண்டாம் முறை மாவுக்கட்டு போட்டார்கள். நான்கு மாதங்களுக்கு மேல் பியானோவைத் தொடவில்லை. மூன்றாவது வாரத்திலேயே எனக்குப் பயம் பிடித்தது. வலிக்கான பயம் அல்ல. மனத்துக்குள் ஒரு பாடலை ஓட்டிப் பார்த்தபோது, இடையில் ஓரிடத்தில் எதுவுமே இல்லாமல் வெறுமையாக நின்றுவிட்டேன். விரல்கள் அறிந்திருந்ததை நான் அறிந்திருக்கவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

அந்த நாட்களில்தான் ஷ்பில்மனின் நினைவுக்குறிப்பைப் படித்தேன். 1944 ஆகஸ்ட் 1 அன்று வார்சா எழுச்சி தொடங்கி, 63 நாட்களில் நசுக்கப்பட்டு, மிஞ்சிய மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்ட பிறகு, ஜெர்மன் படை வீடு வீடாக எரித்த நகரத்தில் அவர் தனியாக இருந்தார். அப்படி இடிபாடுகளில் ஒளிந்திருந்தவர்களுக்கு தனித் தீவில் வாழ்ந்த ராபின்சன் குரூசோவை நினைத்து ராபின்சன்கள் என்றே போலந்தில் பெயர். உலர்ந்த ரொட்டித் துண்டுகளும், கைவிடப்பட்ட குளியல் தொட்டிகளில் தேங்கிய அழுக்கு நீரும்தான் உணவு. அந்தத் தனிமையில் புத்தி பிசகாமல் இருக்க அவர் தமக்கு ஒரு கால அட்டவணை வகுத்துக்கொண்டார். தாம் வாழ்க்கையில் வாசித்த படைப்புகளை எல்லாம் அடி அடியாக, வரி வரியாக, மனத்துக்குள் வாசித்தார். படித்த புத்தகங்களை நினைவிலிருந்து மீட்டார். ஆங்கிலச் சொற்களைத் தமக்குத் தாமே பாடம் எடுத்துக்கொண்டார். போர் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது தம் இசைத்தொகுதி ஏறக்குறைய முழுவதும் தலையில் இருந்ததாகப் பிறகு எழுதினார்.

நானும் செய்து பார்த்தேன். எனக்கு மிகவும் பழக்கமான ஒரு சிறிய படைப்பை எடுத்துக்கொண்டு, கட்டிலில் படுத்தபடி, இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் முதலில் நினைத்தேன். எட்டு அடிகளைக் கடக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. வயிறு நிறைந்திருந்தது, அறை வெதுவெதுப்பாக இருந்தது, அடுத்த அறையில் அம்மா இருந்தார். இவற்றில் எதுவுமே இல்லாமல் ஒருவர் பல வாரங்கள் இதைச் செய்திருக்கிறார் என்பதை என் உடம்பு அப்போதுதான் நம்பியது.

2023 நவம்பர் 12, இரவு

காலையில் எழுதியதை மீண்டும் படித்தேன். இசை அவரைக் காப்பாற்றவில்லை என்று 3ஆம் தேதி நான் எழுதியதோடு இது முழுமையாகப் பொருந்தவில்லை என்பது எனக்கும் தெரிகிறது. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2023 நவம்பர் 15

ஜெர்மன் அதிகாரி முன் ஷ்பில்மன் வாசித்த நாக்டர்ன் என்ற சிறிய பியானோ படைப்பைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். திரைப்படத்தில் அதிகாரி முன் வாசிக்கப்படுவது ஜி மைனர் பலாட். உண்மையில் ஷ்பில்மன் வாசித்தது சி ஷார்ப் மைனர் நாக்டர்ன். ஷோப்பன் 1830இல் தம் சகோதரி லுட்விக்காவுக்காக எழுதி, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அச்சான படைப்பு. சுமார் நான்கு நிமிடங்கள். என் மாணவர்கள் இதை எளிதானது என்று நினைத்துத் தொடங்குவார்கள். முதல் இரண்டு பக்கங்கள் அப்படித்தான் இருக்கும். முடிவுக்கு வரும்போது வலது கை நான்கு முறை மேலேறி இறங்க வேண்டும்: முதல் ஓட்டத்தில் 18 சுரங்கள், அடுத்ததில் 35, பிறகு 11, பிறகு 13. இடது கை தன்பாட்டுக்குச் சீராக நடந்துகொண்டிருக்கும்போது, வலது கை அந்த 35 சுரங்களையும் மூச்சு விடுவதைப் போல, எண்ணுவது வெளியே தெரியாமல் வாசிக்க வேண்டும். ஆரோக்கியமான விரல்களுக்கே பல மாதங்கள் பிடிக்கும் இடம் அது.

இனி 1944 நவம்பர் நடுப்பகுதியில் அவர் இருந்த நிலையைப் பாருங்கள். இரண்டரை ஆண்டுகளாகப் பயிற்சி இல்லை. விரல்கள் விறைத்து, தடித்த அழுக்குப் படிந்திருந்தன. ஆகஸ்டில் அவர் ஒளிந்திருந்த கட்டடம் எரிந்த நாளிலிருந்து நகம் வெட்டவில்லை. அந்தத் தீயின்போது உயிரோடு எரிவதைவிட இது மேல் என்று தூக்க மாத்திரைகளை விழுங்கியவர் அவர். எப்படியோ மறுநாள் கண்விழித்தார். பியானோ இருந்த அறையில் ஜன்னல் கண்ணாடிகள் இல்லை. ஈரத்தில் மரப்பாகங்கள் உப்பி, கட்டைகள் அழுத்தத்துக்கு இணங்காமல் எதிர்த்தன. நகம் நீண்ட விரலால் வாசித்தால் நகம் கட்டையில் தட்டும். விரலின் சதைப்பகுதி கட்டையில் படாது. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ஒரு சிறு ஓடு உடைவது போன்ற ஒலி வரும். இதை எந்தத் திரைப்படமும் காட்ட முடியாது. காட்டினால் பார்ப்பவர்கள் அவர் தோற்றுவிட்டார் என்று நினைப்பார்கள்.

அந்த 35 சுரங்கள் அன்று எப்படி ஒலித்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அழகாக ஒலித்திருக்க வழியே இல்லை.

2023 நவம்பர் 16

அழகாக ஒலிக்கவில்லை என்றால் அதிகாரி ஏன் விட்டுவிட்டார் என்ற கேள்வி நியாயமானது. அவர் வாசிப்பைக் கேட்டு மனம் மாறியவர் அல்லர் என்பதே என் பதில்.

வில்ம் ஹோசன்ஃபெல்ட் 1895இல் ஃபுல்டாவுக்கு அருகில் மாக்கென்செல் என்ற ஊரில் பிறந்த கத்தோலிக்கர். கிராமத்துப் பள்ளி ஆசிரியர். நாஜிக் கட்சியில் 1935இல் சேர்ந்தவரும் அவர்தான். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் போலந்துக்கு வந்த பிறகு கண்ணால் கண்டவை அவரை மாற்றின. ஷ்பில்மனைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, தம் பொறுப்பில் இருந்த விளையாட்டுத் திடலில் பொய்ப் பெயர்களோடு வேலை கொடுத்துச் சிலரை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ட்ரெப்லிங்கா ரயிலிலிருந்து குதித்துத் தப்பிய லெயோன் வார்ம் அவர்களுள் ஒருவர். நடப்பது கொலை என்றும், அதன் வெட்கம் தங்கள் தலைமுறையை விட்டுப் போகாது என்றும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். ஆகவே நிய்போட்லெக்வோஷ்சி சாலை 223ஆம் எண் வீட்டில் எலும்பும் தோலுமாக நின்ற மனிதனைக் கண்டபோது அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்த மனிதர். என்ன தொழில் என்று கேட்டார். பியானோ வாசிப்பவன் என்றதும் வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்த பிறகு, நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னார். தாம் இந்த இடத்தை விட்டு வர முடியாது என்று ஷ்பில்மன் சொன்னபோதுதான் அவர் யூதர் என்று அதிகாரிக்குப் புரிந்தது. பிறகு பரணுக்கு மேலே இருந்த, வெளியிலிருந்து தெரியாத ஒரு சிறிய தட்டை அவர்தான் கண்டுபிடித்துக் காட்டினார். ரொட்டியும் பழக்கூழும் கொண்டுவந்தார். ரொட்டியைச் சுற்றியிருந்த செய்தித்தாள்கூடப் போர் முடியப்போகிறது என்று நம்பிக்கை கொடுப்பதற்காக. கடைசியாக டிசம்பர் 12 அன்று வந்தபோது ஒரு ராணுவ மேலங்கியையும் மெத்தைப் போர்வையையும் கொடுத்தார்.

ஜனவரியில் போலந்து வீரர்கள் வந்தபோது அந்த ஜெர்மன் மேலங்கியைப் பார்த்து அவர்கள் சுட்டார்கள். நான் போலந்துக்காரன் என்று கத்தித்தான் தப்பித்தார். ஒரு மாதத்துக்கும் மேலாகக் குளிரிலிருந்து காத்த துணி கடைசி நாளில் உயிரை எடுக்கப் பார்த்தது.

2023 நவம்பர் 19

ஹோசன்ஃபெல்டுக்குப் பின்னர் என்ன ஆனது என்று கேட்டவருக்கு.

1945 ஜனவரி 17 அன்று ப்வோனியே என்ற ஊரில் சோவியத் படையிடம் பிடிபட்டார். சில காலம் கழித்து லெட்னிட்ஸ்கி என்ற வயலின் கலைஞர் ஒரு கைதி முகாமைக் கடந்து நடந்துபோனார். உள்ளே ஜெர்மானியரைக் கண்டதும் ஆத்திரம் தாங்காமல், இசைக்கலைஞனான என்னிடமிருந்து எல்லாவற்றையும், என் வயலினைக்கூடப் பறித்துக்கொண்டீர்கள் என்று கத்தினார். அப்போது ஓர் அதிகாரி கம்பிவேலி வரை தள்ளாடி வந்து, ஷ்பில்மன் என்பவரைத் தெரியுமா, அவருக்கு நான் உதவினேன், என்னை இங்கிருந்து மீட்கச் சொல்லுங்கள் என்றார். காவலன் துரத்தினான். பெயரைச் சொல்லுங்கள் என்று வயலின் கலைஞர் திரும்பிக் கேட்டார். அந்தப் பெயர் அவர் காதில் சரியாக விழவில்லை. ஷ்பில்மன் தேடிப்போனபோது முகாம் அங்கே இல்லை. சித்திரவதையில் தம் வாயிலிருந்து வந்துவிடக்கூடாது என்று அவர் அதிகாரியின் பெயரை முன்பு வேண்டுமென்றே கேட்டுக்கொள்ளவில்லை.

1950இல்தான் லெயோன் வார்ம் வழியாக அந்தப் பெயர் தெரிந்தது. ஷ்பில்மன் தமக்கு அறவே பிடிக்காத போலந்துப் பாதுகாப்புத் துறைத் தலைவரிடம் போய் மன்றாடினார். சோவியத் தோழர்கள் விடமாட்டார்கள் என்ற பதில் கிடைத்தது. 25 ஆண்டு தண்டனையில் இருந்த ஹோசன்ஃபெல்ட் 1952 ஆகஸ்ட் 13 அன்று ஸ்டாலின்கிராட் முகாமில் இறந்தார். 1957இல் ஷ்பில்மன் மேற்கு ஜெர்மனியில் கச்சேரிகளுக்காகச் சென்றபோது அவருடைய மனைவியை வீட்டில் போய்ச் சந்தித்தார். யூதர்களைக் காப்பாற்றிய பிறரைச் சிறப்பிக்கும் இஸ்ரேலிய நினைவு அமைப்பான யாத் வஷேம் 2008இல் ஹோசன்ஃபெல்டை ஏற்றுச் சிறப்பித்தது. ஷ்பில்மன் அதைக் கேட்டு விண்ணப்பித்து, அது நடப்பதற்குள் 2000 ஜூலை 6 அன்று காலமாகியிருந்தார்.

1946இல் நினைவுக்குறிப்பு முதலில் வெளிவந்தபோது, நல்ல ஜெர்மானியர் என்று அச்சிட முடியாத சூழலில் அந்த அதிகாரியை ஆஸ்திரியராக மாற்றிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பர் 20

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டீர்கள். 2018 நவம்பரில் பார்த்தேன். முதலில் ஸ்டாவ்கி தெருவில், ரயிலேற்றிய இடத்தில் இருக்கும் நினைவுச்சின்னத்துக்குப் போனேன். வெள்ளைச் சுவர், அதில் மனிதர்களின் முதற்பெயர்கள் மட்டும் அகரவரிசையில். 1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை சுமார் 2,65,000 பேர் இந்த வழியாக ட்ரெப்லிங்காவுக்குப் போனார்கள். ஹலினா என்ற பெயரைச் சுவரில் தேடினேன்; யாருடைய ஹலினா என்று தெரியாமலே தேடினேன்.

அங்கிருந்து தெற்கே நடந்தேன். நடைபாதையில் பதித்த இரும்புப் பட்டைகள் கெட்டோ சுவர் எங்கே நின்றது என்று காட்டுகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குள் தேசிய நூலகத்துக்கு அருகில், 223ஆம் எண் கட்டடத்தில் உள்ள நினைவுப் பலகையின் முன்னால் நின்றேன். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதர் வீடு வீடாக, ஒவ்வொரு படிக்கட்டிலும் செத்துப் பிழைத்துக் கடந்த தொலைவை நான் ஒரு பிற்பகலில் கடந்துவிட்டேன். கட்டடத்தில் மக்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி காய்கறிப் பையுடன் கதவைத் திறந்து உள்ளே போனார்.

2023 நவம்பர் 24

12ஆம் தேதி இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது எழுதுகிறேன்.

இசை அவர் உயிரைக் காப்பாற்றவில்லை என்பதில் நான் மாறவில்லை. காவலரின் கையும், நண்பர்களின் கதவும், ஆசிரியர் ஒருவரின் மனச்சாட்சியும், கணக்கில் அடங்காத தற்செயல்களும் காப்பாற்றின. ஆனால் நான் உயிர் என்ற ஒன்றை மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். உயிரோடு வெளியே வந்தவர் ஷ்பில்மனாகவே வெளியே வந்தார் என்பதற்கு அந்த மனத்துக்குள் வாசித்த வாசிப்பு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். போருக்குப் பின் வார்சா வானொலி மீண்டும் இயங்கத் தொடங்கியபோது அவர் அதே நாக்டர்னை வாசித்தார். 1963 வரை அங்கே இசைப் பிரிவை நடத்தினார். சுமார் 500 பாடல்கள் எழுதினார். அவற்றில் பலவற்றைப் போலந்துக் குழந்தைகளும் பாடினார்கள். கேள்வியைத் தொடங்கிய நண்பரே, உங்கள் கூற்றில் இந்தப் பாதியை நான் முதல் நாளே கண்டிருக்க வேண்டும்.

2023 நவம்பர் 25

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். காப்பாற்றப்பட்டார் என்ற சொல்லையே நான் போதுமான அளவு சோதிக்கவில்லை.

அந்த ஆகஸ்ட் 16 அன்று அவர்கள் ஆறு பேர். ஹென்ரிக்கும் ஹலினாவும் வேலைக்குத் தகுதியானவர்கள் என்று தனியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று தாங்களாகவே ரயிலேற்றும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தில் ஒரு சிறுவன் மிட்டாய் விற்றுக்கொண்டிருந்தான். எல்லோரிடமும் இருந்த காசைத் திரட்டி அப்பா 20 ஸ்வோட்டிக்கு (போலந்து நாணயம்) ஒரே ஒரு மிட்டாய் வாங்கினார். பேனாக்கத்தியால் அதை ஆறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார். அப்பா வயலின் வாசிப்பவர். மகன் வரிசைக்கு வெளியே தள்ளப்பட்டு, அப்பா என்று கத்தியபோது, அவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைக்க முயன்று கையசைத்தார்.

ஷ்பில்மன் வீட்டில் இதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருடைய மகன் ஆந்த்ரேய் பன்னிரண்டு வயதில், வீட்டு அலமாரியில் இருந்த அந்தப் புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் படித்தார். அப்பா வழியில் தமக்குத் தாத்தா பாட்டி ஏன் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.